கார் அக்காவும் நாலு மட்கார்டும்

கார் அக்கா வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கேட்டைத் திறந்து காலை உள்ளே வைத்ததும், "வா பாப்பா, பீச்சாங்கை பக்கம் குந்து" என்று காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து விடுவாள். இது எனக்கு மட்டும் கிடைத்த மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் போட வருபவர், ஓட்டுக் கேட்டு வருபவர், காதுகுத்துக்கு அழைக்க வருபவர் எல்லோருக்கும் அதே ஸீட்டுதான். காபியும் அங்கேயே வந்துவிடும். விஷயம் தெரியாத புது ஆட்கள், வண்டி எங்கேயோ கிளம்பப் போகிறது என்று நினைத்து முன் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விறைப்பாக இருப்பார்கள்.

வண்டி எங்கேயும் கிளம்பாது. வலதுபக்கப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கோணியை விரித்து, அதன் மேல் ஒருக்களித்துப் படுத்திருப்பாள் அக்கா. வலது கை தோள்வரைக்கும் மட்கார்டுக்குள் போயிருக்கும். சக்கரத்துக்கு மேலே குடைபோலக் கவிந்திருக்கும் தகரத்தின் உள்பக்கம் இருக்கிறதே, அங்கேதான் ரோட்டுச் சேறெல்லாம் போய் அப்பிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றினால் அதைச் சுத்தம் செய்வது ஒரு வேலையே இல்லை. அக்கா கழற்ற மாட்டாள். கழற்றாமல் செய்ய வேண்டுமென்றால், டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை போக இடம் வேண்டும். முன்சக்கரத்தில் பிரச்சினை இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்தால் பின்னால் இடம் கிடைக்கும், மறுபக்கம் ஒடித்தால் முன்னால் கிடைக்கும். பின்சக்கரம் திரும்பாது. அதற்குத்தான் ஆள். இந்தப் பக்கம் கனமாக ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை தூக்கிக் கொடுக்கும். அந்த இரண்டு விரல்கடையில்தான் அக்காவின் ராஜ்ஜியம் நடந்தது.

அதனால் அக்கா மனிதர்களை எடைபோட்டுத்தான் பார்த்தாள். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் குண்டாக இருப்பவர்களுக்கு அப்படியொரு வரவேற்பு வேறெந்த வீட்டிலும் கிடைத்திருக்காது. என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இப்டி ஈர்க்குச்சியாட்டம் கீறே, உன்ன குந்த வச்சி இன்னா பிரயோஜனம்" என்று வெளிப்படையாகவே வருத்தப்படுவாள். அவள் புருஷன் என்னைவிட மோசம். பக்கத்துத் தொழிற்சாலையில் டிரைவர். காற்றடித்தால் சட்டை மட்டும் நடந்து வருவது போலத் தெரியும். "கட்டினதுதான் கட்டினேன், கொஞ்சம் சதை புடிச்ச ஆளா பாத்துக் கட்டிருந்தேன்னா இன்னிக்கி ஒதவும்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே போய் காபி போடுவார். எங்கள் அப்பா அவளுக்குக் கிடைத்த புதையல். திருச்சிப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு வந்த அப்பா, நல்ல வாட்டசாட்டமான ஆள். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். "அண்ணாத்தே குந்துனா வண்டி கப்பலாட்டம் சாயுது" என்று அக்கா புகழ்வது அவருக்குப் பிடித்திருந்தது என்பது அம்மா சொன்ன காரணம்.

அந்த அம்பாசிடரை அவர்கள் செகண்ட்ஹேண்டில் வாங்கி, ஒரு டிரைவர் போட்டு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விட்டார்கள். டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். அன்றைக்கு ஒரு கல்யாண சவாரி இருந்தது. புருஷனுக்கோ ஷிஃப்ட். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவள்தான், அப்புறம் இறங்கவேயில்லை. கரையான்சாவடியில் அவள் அப்பாவுக்கு லாரி இருந்ததாம், சின்ன வயதிலேயே ஓட்டப் பழகிவிட்டாளாம். ஒரு பெண் கார் ஓட்டுவதைப் பார்க்க அப்போதெல்லாம் டீக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நிற்பார்கள். அக்கா கண்ணாடியை இறக்கி, "இன்னா நைனா, ஏர்றியா? இல்லேன்னா டீ ஆறுது, போய்க் குடி" என்பாள். ஒரு மாதத்தில் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து டீ குடிக்கப் பழகிவிட்டார்கள்.

சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்ற சட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், அக்கா அந்தக் கதையைச் சொல்லுவாள். எத்தனை முறை கேட்டாலும் சொல்லுவாள், ஒவ்வொரு முறையும் சக்கரம் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும். ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும் போல டயர் கடையில் வண்டியை விட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றித்தான் மட்கார்டைக் கழுவ வைத்தாள். மறுநாள் ஒரு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கரையான்சாவடி தாண்டும்போது, மாப்பிள்ளை, "அக்கா, அங்க பாருங்க, ஒரு டயரு தனியாப் போவுது" என்று கைதட்டிச் சிரித்தாராம். அக்காவும் சிரித்தாளாம். பிறகுதான் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது. அந்த டயர் ஆடாமல் அசையாமல் நேரே போய், மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்த பந்தலுக்குள் நுழைந்து, நாதஸ்வரக்காரர் காலடியில் படுத்துவிட்டதாம். மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் சக்கரம் வந்துவிட்டது, அதற்கே ஆரத்தி எடுத்துவிடலாமா என்று பெண் வீட்டார் யோசித்தார்களாம். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அக்காவின் மனது அன்றோடு தீர்மானித்துவிட்டது.

"கயட்றது ரொம்ப ஈஸி பாப்பா. திருப்பி மாட்றப்பதான் ஒண்ணு கொறையும். அது இன்னான்னு நட்டநடு ரோட்ல வந்துதான் தெரியும்."

பஞ்சர் ஆனால் ஒழிய அவள் வண்டியின் சக்கரத்தை அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. பஞ்சர் ஒட்டுபவர் திரும்ப நட்டு முடுக்கும்போது இவள் பக்கத்திலேயே குந்திக்கொண்டு ஒவ்வொன்றையும் தன் கையால் அசைத்துப் பார்ப்பாள். அந்த மனுஷர் இவள் வண்டியைத் தூரத்தில் பார்த்தாலே கடையில் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார்.

சட்டம் சக்கரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதையும் கழற்றக் கூடாது என்று ஆகிவிட்டது. மட்கார்டுக்குள் கை விடும்போது வளையலைக் கழற்ற மாட்டாள். முழங்கைக்கு மேலே ஏற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுவாள். ஃபேனைத் துடைக்க மின்சாரக்காரர் இறக்கித் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று ஸ்டூலில் ஏறி, தலையணை உறையை ஒவ்வொரு இறக்கைக்கும் சட்டை மாதிரி மாட்டி உருவுவாள். தூசு எல்லாம் உறைக்குள் போய்விடும். இது நல்ல யோசனை, நான் இன்றுவரை செய்கிறேன். ஆனால் சொத்தைப் பல்லையும் பிடுங்க விடமாட்டேன் என்று கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தாளே, அது நல்ல யோசனை இல்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, அந்த முகத்தோடேயே ஒரு கல்யாணத்துக்கு வண்டி ஓட்டினாள். மணமக்கள் காரில் ஏறும் போட்டோவில் அக்காதான் பளிச்சென்று தெரிகிறாள் என்று அந்த வீட்டார் குறைபட்டுக்கொண்டார்கள். "வீங்குனது பீச்சாங்கை கன்னம். அவன் அந்தப் பக்கமா நின்னு எடுத்தா நான் இன்னா பண்றது" என்று போட்டோகிராபர் மேல் பழியைப் போட்டாள்.

மட்கார்டு வேலையில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. வந்ததும் சுரண்ட மாட்டாள். முதலில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பாள். காய்ந்த சேற்றைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும், பெயிண்ட் போனால் துரு வரும், துரு வந்தால் வண்டி வடை மாதிரி ஓட்டையாகும் என்பது அவள் சொல்லும் விளக்கம். ஊறியதும் மூங்கில் பட்டையால் கட்டியை உடைத்து இறக்குவாள். அப்புறம் வளைந்த கம்பி முனையில் தேங்காய்நார் சுற்றியது. மூலைக்குப் பால்புட்டி கழுவும் பிரஷ். எல்லாம் முடிந்ததும் பவுடர் டப்பாக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, மேலே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பாள். அதே கண்ணாடியில் பொட்டு கலைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வாள். கடைசியில் பழைய ஆயிலைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு. இதெல்லாம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடம். வெளியே பாடியில் காக்கை எச்சம் காய்ந்து கிடக்கும், அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. "இது இன்னாக்கா, முகத்தைக் கழுவாம உள்ளங்காலைத் தேய்க்கிற மாதிரி" என்று கேட்டேன். "மூஞ்சிய மழை கயுவிடும்" என்றாள்.

நான் அப்போது மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவரும் நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசி, கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவுக்கு வந்திருந்தோம். இரண்டு வீட்டிலும் கிறிஸ்தவர்கள்தான். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புராட்டஸ்டண்ட். அவருக்கு அப்பா இல்லை. அம்மா திருநெல்வேலிக்காரர். புருஷன் இறந்தபிறகு அவருடைய தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்து, ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாளாகப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். கண்டிப்பான மனுஷி. அவர் சம்மதித்ததே பெரிய விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. தேதி, நேரம், சாப்பாட்டு மண்டபம், பிரியாணியில் முட்டை உண்டா இல்லையா என்பது வரைக்கும் பேசினார்கள். கல்யாணம் எங்கள் கோயிலிலா, அவர்கள் சர்ச்சிலா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நல்ல காரியத்தில் பேச்சு தடித்துவிடுமே என்று இரண்டு பக்கமும் அவ்வளவு நாகரிகமாக இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினோம், இதைத் தவிர.

பெண் வீட்டார் ஒரு பத்திரிகை அடிப்பதும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பத்திரிகை அடிப்பதும் எங்களில் வழக்கம். இரண்டும் ஒரே வாரத்தில் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. அக்கவுண்ட்ஸில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரே தேதி, ஒரே நேரம். பொண்ணு உங்க கோயில்ல நிக்குது, மாப்பிள்ளை அவங்க சர்ச்சுல நிக்கிறாரு. தாலியை யாரு கழுத்துல கட்டப் போறாரு?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க கம்பெனியே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

அப்பா முதல்முறையாகக் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். பெண்ணுக்கு எந்தக் கோயிலோ அங்கேதான் கல்யாணம், உலக வழக்கம் அதுதானே என்றார். அங்கே குவார்ட்டர்ஸில் அந்த அம்மாவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்னிடம் வந்து, "எங்க அம்மா சரின்னு சொல்லாம என்னால கட்டிக்க முடியாது. உன்னாலயும் உங்கப்பா இல்லாம முடியாது. இவங்க ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டா அவ்வளவுதான்" என்றார். அது உண்மை. ஓடிப்போகும் ஜாதியில்லை நாங்கள். நான் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அப்பா இருக்காவளா?" என்றார். முகத்தைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக் காரில் இருந்தார். வேறு வழியில்லாமல் அங்கே அழைத்துப் போனேன். எங்கள் அம்மாவும் பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

அப்பா பின்ஸீட்டின் இடது ஓரத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அக்கா மறுபக்கம் கோணியில் படுத்துக் கையைத் தோள்வரை விட்டிருந்தாள். அந்த அம்மா ஜன்னலோரம் போய் நின்று, "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தேன். இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்றார்.

அப்பா பதறி எழுந்திருக்கப் போனார்.

"அண்ணாத்தே! எயுந்திரிக்காத! எயுந்திரிச்சீன்னா வண்டி எறங்கி என் கை மாட்டிக்கும்!" என்று அக்கா கீழேயிருந்து அலறினாள்.

அப்பா பாதி எழுந்த நிலையில் அப்படியே உட்கார்ந்தார். கையாவது மாட்டுவதாவது. வண்டி இறங்கினால் இரண்டு விரல்கடை இறங்கும், அக்கா கையை உருவிக்கொண்டு போய்விடுவாள். எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சிக்கல் என்னவென்றால், அப்பா எழுந்திருக்க முடியாது. வந்த சம்பந்தியம்மாவை நிற்க வைத்துக்கொண்டு அவர் மட்டும் உட்கார்ந்திருப்பதும் மரியாதை இல்லை.

"நீங்களும் முன்னால குந்துங்கம்மா. நின்னுகினு பேசற விசயமா இது? பாப்பா, கதவத் தொற" என்றாள் அக்கா.

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முன்ஸீட்டில், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வண்டி ஒரு முனகலோடு சாய்ந்தது. மறுபக்கத்திலிருந்து, "ஆஹா" என்று அக்காவின் குரல் கேட்டது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார், அப்பா அவருடைய கொண்டையைப் பார்த்துப் பேசினார்.

"ஊரெல்லாம் பத்திரிக வச்சாச்சி. எங்க ஐயருகிட்ட இனி நான் என்ன மொகத்த வச்சிக்கிட்டு மாத்திச் சொல்லுவேன்?" என்றார் அந்த அம்மா. போதகரை அவர்கள் ஐயர் என்பார்கள்.

"நாங்களும்தாங்க வச்சிட்டோம். எங்க சாமியார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு மட்கார்டுக்குள் மூங்கில் பட்டை சுரண்டும் சத்தம் மட்டும். பொத்துப் பொத்தென்று சேற்றுக்கட்டி விழுந்தது. அம்மா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.  இந்தப் பெண்பிள்ளை மட்கார்டு கழுவி முடித்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போய்விடுவார்கள், என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன். மெதுவாகக் கழுவு அக்கா, மெதுவாகக் கழுவு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"யம்மா, இன்னும் கொஞ்சம் கதவு பக்கமா நவுந்து குந்துங்க. ஆங்... அப்டித்தான். ஜோரா தூக்குது" என்றாள் அக்கா.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னது இது? என்னைய உக்கார வச்சி எட போடுதாவளா?"

அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கம் கனம் இருந்தாதான் அந்தப் பக்கம் அவங்களுக்குக் கை போகும். நான் தினமும் வந்து உக்காருவேன். இன்னைக்குத்தான் நீங்களும் இருக்கீங்க, கொஞ்சம் நல்லா..." என்று இழுத்து, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது நடந்தது. முன்ஸீட்டிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் வண்டியே குலுங்கியது. "எங்க அவிய மட்டும் இருந்தாவன்னா இந்தக் காரு கவுந்துல்லா போயிருக்கும்!" என்று இறந்துபோன புருஷனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தார். பிறகும் வந்தது. அது சிரிப்புத் தண்ணீர் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"எங்க சர்ச்சுல பாடுத கொயர்ல அடிக்கொரலு அவியதான். அவிய பாடுனா பெஞ்சு அதிரும். அந்தக் கொயரு பாட, அது முன்னால என் மவன் நிக்கணும். அம்புட்டுதான் எனக்கு. அதுக்குத்தான் எங்க சர்ச்சு, எங்க சர்ச்சுன்னு நின்னேன். வேற ஒரு வீம்பும் இல்ல" என்றார் முன்கண்ணாடியைப் பார்த்து.

அப்பா பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"கொயர் எங்க கோயிலுக்கு வந்து பாடக் கூடாதாங்க?"

"கூப்புட்டா வருவாவ. உங்க சாமியாரு விடணும்லா?"

"அவர்கிட்ட நான் பேசறேன். உண்மையச் சொன்னா, எங்க கோயில்ல பாட்டு ரொம்ப சுமார். அவரே சந்தோஷப்படுவாரு."

அந்த அம்மா முதல்முறையாகத் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா குழப்பத்தில் அந்த அம்மாவின் நெல்லைத் தமிழிலேயே, "அப்பம் உங்க ஐயரும் வந்து ஒரு ஜெபம்..." என்று ஆரம்பிக்க, எங்கள் அம்மா ஜெபமாலையோடு ஓடிவந்து ஜன்னலில் தலையை நீட்டி, "வரட்டும், வரட்டும், எல்லாரும் வரட்டும்" என்றாள். நான் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டேன்.  

அக்கா எழுந்து வந்தாள். கை முழுக்கச் சேறு, முழங்கைக்கு மேல் வளையல். நடந்தது எதுவும் காதில் விழாதவள் போல, "இந்தப் பக்கம் முடிஞ்சிது. ரெண்டு பேரும் சோத்தாங்கை பக்கமா நவுந்து குந்துங்க" என்றாள். அவ்வளவு கண்டிப்பான அந்த மனுஷி, சொன்னபடியே நகர்ந்து டிரைவர் ஸீட்டில் போய் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நாலு மட்கார்டும் முடிகிற வரைக்கும் அவர் இறங்கவில்லை. காபி இரண்டு தடவை வந்தது. அன்றிலிருந்து அவரை நான் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. எங்கள் கோயில் இருந்தது ஆவடியில். போகிற வழியெல்லாம் குழியும் செம்மண் சேறுமாகக் கிடந்தது. டயர் தெறித்துக்கொண்டே வந்தது. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட சமயத்தில், அக்கா ரோட்டோரக் குழாய் ஒன்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள். டிக்கியிலிருந்து சொம்பும் பிரஷும் வந்தன.

"ஏம்மா, பூசைக்கு நேரமாச்சும்மா! மாப்பிள்ளை வந்து நிக்கிறாரு!" என்று அப்பா கத்தினார்.

"நிக்கட்டும், ஓடிப் பூட மாட்டாரு. நீயும் பாப்பாவும் சோத்தாங்கை பக்கமா குந்துங்க."

கிரீடமும் வெள்ளைச் சேலையுமாக நான் அப்பாமேல் இடித்துக்கொண்டு வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அக்கா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கல்யாணத்தன்றைக்குமா இந்தப் பைத்தியம் என்று பல்லைக் கடித்தேன். அவள் தண்ணீரை ஊற்றுவதும் பிரஷ் போடுவதும் கேட்டது. இடது பின்சக்கரம் ஒன்றைத்தான் செய்தாள். கடைசியில் ஒரு புதுத் துண்டால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, டயரையும் துடைத்துவிட்டு ஏறினாள். அங்கிருந்து கோயில் வாசல்வரை மாட்டுவண்டி வேகத்தில்தான் உருட்டினாள்.

வாசலில் அத்தை இடதுபக்கக் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இறக்கினார். அந்தக் காரில் பின்கதவு திறக்கும் இடத்தில்தான் பின்சக்கரம் இருக்கும். நான் காலைக் கீழே வைத்தேன், சேலை என் கையிலிருந்து நழுவியது. அவ்வளவு நீள வெள்ளைச் சேலையும் மட்கார்டு விளிம்பில் விழுந்து, டயர் மேல் வழிந்து இறங்கியது. வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் "ஐயோ!" என்றார்கள். அத்தை குனிந்து சேலையை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

எத்தனை வருஷம் அந்தக் காரில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், துரு, பெயிண்ட் என்று அவள் சொன்னதை எல்லாம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அந்த வண்டியைத்தான் கூப்பிட்டார்கள், வெள்ளைச் சேலையோடு எத்தனை பெண்கள் அந்தக் கதவு வழியாக இறங்கியிருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியை நிழலில் விடுவதற்கு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு, குறுக்கே நின்ற ஐஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உள்ளே கொயர் பாட ஆரம்பித்துவிட்டது. எங்கள் கோயில் அப்படியொரு பாட்டை அதற்கு முன் கேட்டதில்லை. அத்தை முன் பெஞ்சில் நின்று, தன் புருஷனுடைய அடிக்குரலைத் தானே பாடினார், பாட்டு முடியும்வரை ஒருமுறைகூடக் குரல் உடையவில்லை.

பந்தியில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையிலிருந்து ஒரு கவளம் பிரியாணியைப் பிசைந்து என் வாயில் ஊட்டினார். நான் சிரித்தேனா, அவர் சிரித்தாரா தெரியவில்லை, பாதி மசாலா என் மடியில் விழுந்தது. வெள்ளைச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

எதிர்ப்பந்தியிலிருந்து அக்கா எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்தாள்.

"இன்னாம்மா நீங்க! மேனாம்பேட்லேந்து அவ்ளோ சேத்துல ஒரு பொட்டு படாம கொண்டாந்து எறக்குனேன், இப்டி கொயம்ப ஊத்தி வச்சிட்டீங்களே! பாப்பா, அசையாத, எலுமிச்சம்பயம் கொண்டாரேன்."

அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்து என் மறுபக்கத்தில் உட்கார வைத்தார்.

"இருக்கட்டும் விடுங்க. நான் ஊட்டுனதுலா? அது அப்படியே இருக்கட்டும்."

அக்கா அந்தக் கறையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, தனக்கும் அங்கேயே புதிதாக ஒரு இலை போடச் சொன்னாள்.